மகளுக்கு ஐரோப்பாவில் மேல்படிப்பு: எந்த நாடு எங்களுக்குக் கட்டுப்படியாகும்?

குலசேகரம் அப்பா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். 60 சென்ட் ரப்பர் இருக்கிறது, நானே பால் வெட்டுகிறேன். அது போக இன்னும் மூன்று பேர் தோட்டத்தில் கூலிக்கு வெட்டுகிறேன். வீட்டுக்காரி அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரித் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகிறாள். மகள், மகன் என்று இரண்டு பிள்ளைகள். மகள் 2024இல் பி.இ. ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) முடித்தாள், பத்துக்கு 8.1 வாங்கியிருக்கிறாள். இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. காலையில் ஆறு மணி பஸ்ஸுக்குப் போனால் வீட்டுக்கு வர ராத்திரி எட்டரை ஆகிறது. அப்புறமும் உட்கார்ந்து படிக்கிறாள். வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்று ஆசை. வாயால் கேட்கமாட்டாள், ஆனால் எனக்குத் தெரியும்.

போன மாதம் நாகர்கோவிலில், பிள்ளைகளை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் ஒரு கன்சல்டன்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் அயர்லாந்து என்றார்கள். ஒரு வருடப் படிப்பு, எல்லாம் சேர்த்து 22 லட்சம். நம்மால் முடியாது என்று எழுந்தோம். உடனே, "அப்படியானால் ஜெர்மனி போங்கள், அங்கே படிப்பு இலவசம், எங்கள் சார்ஜ் 1,75,000 மட்டும் கட்டினால் போதும்" என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தார்கள். அந்தத் தாளை இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் நாள் மகள் எங்கேயோ வாசித்துவிட்டு, விசாவுக்கு 12 லட்சம் பேங்கில் காட்ட வேண்டும் அப்பா என்றாள். திரும்பப் போய்க் கேட்டால், "அது உங்கள் பணம்தானே அண்ணாச்சி, மாதாமாதம் பிள்ளை கைக்கே வந்துவிடும்" என்கிறார்கள். சரி, வரட்டும். முதலில் அது என் கையில் இருக்க வேண்டாமா?

நான் கேட்பது இதுதான். ஐரோப்பாவில் எந்த நாட்டில் என்ன செலவு? படிக்கிற பிள்ளைக்கு அங்கே உள்ள அரசாங்கம் ஏதாவது உதவி செய்யுமா? 60 சென்ட் என் அப்பா விட்டுப்போனது. அதை விற்க எனக்கு மனசு உண்டு. மகள்தான் விற்கக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலைக்காரன் (ஸ்டுட்கார்ட்) எழுதியது:

மாமா, 1,75,000 யாருக்கும் கொடுக்காதீர்கள். ஜெர்மனியில் பெரும்பாலான படிப்புகளுக்கு மகளே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். நம் பட்டச் சான்றுகள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் கட்டாயம், இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரில் வந்த விதி. அதற்கு 18,000 ரூபாய். அதுவும் நாமே செய்கிற வேலைதான்.

அவர்கள் எழுதித் தந்த பூஜ்யம் முழுப் பொய் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. செமஸ்டர் பங்களிப்பு என்று 100 முதல் 350 யூரோ வரை வரும், ஊரைப் பொறுத்தது. ஆனால் நான் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ வைத்தார்கள். நான் 2022இல் சேர்ந்தேன். நான்கு செமஸ்டருக்கும் கட்டினேன், 6,000 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது. மாஸ்டர்ஸ் என்றால் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. ஆகவே ஜெர்மனி இலவசம் என்று யார் சொன்னாலும், எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம் என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம் அந்த 12 லட்சம். அதைத்தான் பிளாக்டு அக்கவுண்ட் என்பார்கள். நான் வந்தபோது 10,332 யூரோ. இப்போது 11,904. யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 11,90,400 ரூபாய். மாதம் 992 யூரோவாகத்தான் எடுக்க முடியும். அதில் அறை வாடகை, சாப்பாடு, கட்டாய மருத்துவக் காப்பீடு எல்லாம் போய்விடும். காப்பீட்டுக்கே மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகிறது. "உங்கள் பணம் திரும்ப வரும்" என்றார்களே, திரும்ப வந்து சேமிப்பில் நிற்காது மாமா. முதல் வருடச் சாப்பாடும் வாடகையும் அதுதான்.

இரண்டாம் வருடத்தை வேலை செய்து ஓட்டலாம். வருடத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஈ.சி.இ. பிள்ளைக்குக் கம்பெனிகளில் மாணவர் வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் முதல் செமஸ்டரிலேயே கிடைக்கும் என்று நம்பி வரக் கூடாது. எனக்கு எட்டாவது மாதம்தான் கிடைத்தது. அதுவரை ஒரு பேக்கரியில் விடியற்காலை நான்கு மணி ஷிப்ட். என் அப்பாவும் பால் வெட்டுக்குப் போகிறவர். அவர் தலையில் லைட் கட்டிக்கொண்டு இறங்கும் நேரமும் அதுதான். முதல் நாள் அது நினைவு வந்து, மாவு மூட்டை பக்கத்தில் நின்று அழுதுவிட்டேன்.

உதவித்தொகை என்றால், டாய்ச்லாண்ட்ஷ்டிபெண்டியம் என்று மாதம் 300 யூரோ தருகிறார்கள். பாதி மத்திய அரசு, பாதி தனியார் கொடையாளர்கள். வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். எனக்கு இரண்டாம் முறைதான் கிடைத்தது. பாஃபேக் என்று ஜெர்மன் அரசின் மாணவர் உதவி ஒன்றைப் பற்றி மகள் வாசித்திருப்பாள். பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். அற்புதமான ஏற்பாடு. ஆனால் அது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு. நம்மைப் போல் படிப்பு விசாவில் வருபவர்களுக்குக் கிடைக்காது.

கருங்கல்காரி எழுதியது:

அண்ணாச்சி, நானும் உங்கள் மகள் மாதிரிதான். அப்பா இல்லை, அம்மா தையல். 2021இல் வட இத்தாலியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் மாஸ்டர்ஸ் சேர்ந்து 2023இல் முடித்தேன். நிலம் எதுவும் விற்கவில்லை, விற்க இருக்கவும் இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், உங்கள் மகளையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் "ஐரோப்பாவில் இலவசக் கல்வி" என்று வரும் பட்டியல்களில் பாதி அங்கே குடியிருப்பவர்களுக்கானது. டென்மார்க் தன் மாணவர்களுக்கு மாதாமாதம் உதவிப் பணம் கொடுக்கிறது. ஸ்வீடனில் மானியமும் கடனும் சேர்ந்து வரும். ஸ்காட்லாந்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளின் முதல் பட்டப்படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கட்டணம் இல்லாமல் படிக்க நமக்கு இருந்த கதவுகளும் ஒவ்வொன்றாக அடைபட்டுவிட்டன. 2006இல் டென்மார்க், 2011இல் ஸ்வீடன், 2017இல் பின்லாந்து, கடைசியாக 2023இல் நார்வே, எல்லோருமே ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். பிரான்ஸ் 2019இல் மாஸ்டர்ஸுக்கு வருடம் 3,770 யூரோ என்று வைத்தது. அதன் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் அங்கே விலக்குக் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. ஆஸ்திரியாவில் செமஸ்டருக்கு 726.72 யூரோ. செக் நாட்டில் அரசுப் பல்கலைக்கழகத்தில் செக் மொழியில் படித்தால் எந்த நாட்டவருக்கும் கட்டணம் இல்லை, ஆனால் அந்த மொழியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் அளவுக்குத் தேற இரண்டு வருடம் ஆகும். நான் அந்த வழியை யாருக்கும் சொல்லமாட்டேன்.

நான் பார்த்த வரையில், "உன் அப்பாவுக்கு வருமானம் என்ன?" என்று கேட்டு, அதற்குத் தக்கபடி வெளிநாட்டுப் பிள்ளைக்கும் பணம் தருவது இத்தாலிதான். கட்டணம் எவ்வளவு என்று நாடு நாடாகத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, இந்தக் கேள்வியைத் தேட வேண்டும் என்று ஒரு சீனியர் அக்கா சொல்லித் தந்தார். அன்றிலிருந்துதான் எனக்கு வழி தெரிந்தது.

அங்கே குடும்பத்தின் வருமானம், சொத்து, ஆள் எண்ணிக்கை மூன்றையும் வைத்து ஒரு எண் போடுவார்கள். அதற்கு இஸே என்று பெயர். உங்கள் வீட்டுக்கே போட்டுப் பார்ப்போம். வருட வருமானம் 2,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். யூரோ 100 ரூபாய் என்றால் 2,400 யூரோ. வெளிநாட்டு வீட்டுக்குப் பல இடங்களில் சதுர மீட்டருக்கு 500 யூரோ என்று மதிப்புப் போடுகிறார்கள். 840 சதுர அடி வீடு என்றால் 78 சதுர மீட்டர், 39,000 யூரோ. இதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் வருமானத்தோடு கூட்டுவார்கள், அது 7,800. மொத்தம் 10,200. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இதை 2.46ஆல் வகுக்க வேண்டும். 4,146 யூரோ வருகிறது.

இப்போது எல்லையைப் பாருங்கள். இஸே 22,000 யூரோவுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. மண்டல வரியும் ஸ்டாம்பும் சேர்த்து 150 யூரோ அளவில் கட்டினால் போதும். சில பல்கலைக்கழகங்கள் மட்டும் இஸே பார்க்காமல், எந்த நாடு என்று பார்த்து ஒரே தொகை வைக்கின்றன. இது கட்டணம். இதற்கு மேலே, ஒவ்வொரு மண்டலமும் தனியாக உதவித்தொகை தருகிறது. வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிப்பவருக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 7,000 யூரோ. விடுதியில் இடம் தந்தால் அதற்கான தொகையைக் கழித்துக்கொள்வார்கள், கேண்டீன் சாப்பாடும் அதிலேயே சேரும். அப்புறம் இது முக்கியம்: அறிவியல், பொறியியல் படிக்கும் பெண்களுக்கு இந்த உதவித்தொகை 20 சதவீதம் கூட. ஈ.சி.இ. படித்த உங்கள் மகளுக்கு அது பொருந்தும்.

இனி, நான் பட்ட கஷ்டம். இதை மறைத்துவிட்டு ஆசை காட்ட எனக்கு மனசு வராது.

முதலாவது காகிதம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருமானச் சான்று எளிதாக வாங்கிவிட்டேன். அதில் ஆண்டு வருமானம் இவ்வளவு என்று மட்டும் இருந்தது. அவர்களுக்கு வேண்டியது இரண்டு வருடத்துக்கு முந்திய காலண்டர் வருடத்தின் வருமானம், ஜனவரி முதல் டிசம்பர் வரை. நம் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச். தாலுகா ஆபீசுக்கு ஐந்து முறை நடந்தேன். கடைசியில் ஒரு அலுவலர் பொறுமையாக உட்காரவைத்து, என்ன வேண்டும் என்று கேட்டு, வருடத்தைக் குறிப்பிட்டுத் தனியாக எழுதித் தந்தார். அந்த அம்மா முகம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பிறகு வீட்டுக்கு ஒரு சான்று, பேங்க் இருப்புக்கு ஒரு சான்று, குடும்பத்தில் யார் யார் என்பதற்கு ஒரு சான்று. எல்லாவற்றுக்கும், வெளிநாட்டிலும் செல்லும் என்று நம் அரசு போடும் அப்போஸ்டில் முத்திரை, இத்தாலிய மொழிபெயர்ப்பு. எனக்கு மூன்றரை மாதம் பிடித்தது. விண்ணப்பக் கடைசித் தேதி பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வந்துவிடும். ஆகவே பிப்ரவரியிலேயே தாலுகா ஆபீஸ் படி ஏறிவிடுங்கள்.

இரண்டாவது, பணம் வரும் நேரம். செப்டம்பரில் போனேன். முதல் தவணை பிப்ரவரி கடைசியில்தான் வந்தது. ஐந்து மாதம் கையிலிருந்த 2,500 யூரோவில் ஓட்டினேன். ஒரு அறையில் மூன்று பேர், கட்டிலுக்கு 280 யூரோ. அம்மா கட்டித் தந்த சம்பா அவலும் கருப்பட்டியும் ஜனவரி வரை வந்தது. கருப்பட்டியை எலுமிச்சம்பழம் அளவுக்கு உடைத்து, நாளுக்கு ஒன்று என்று எண்ணி வைத்திருந்தேன். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. குறைந்தது ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். விசாவுக்கே 6,000 யூரோவுக்கு மேல் இருப்புக் காட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது கிரெடிட், அதாவது ஒவ்வொரு பாடத்திலும் தேறினால் கிடைக்கும் புள்ளி. முதல் வருடம் ஆகஸ்ட் 10க்குள் 20 கிரெடிட் எடுத்தால்தான் இரண்டாவது தவணை. நவம்பர் கடைசிக்குள்ளும் எடுக்கவில்லை என்றால் வாங்கின பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள். ஆகஸ்டில் எனக்கு 18தான் இருந்தது. ஒரு வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேட்ட மின்காந்தக் கேள்விக்குப் பதில் தெரியும், வாயில் வரவில்லை. நம் ஊரில் எழுதித்தானே பழக்கம்! செப்டம்பரில் மறுபடி எழுந்து நின்று சொல்லி முடித்தேன். நல்லவேளை, அங்கே ஒரு தேர்வை வருடத்தில் பல தடவை எழுதலாம்.

நான்காவது, தகுதி உண்டு என்று பட்டியலில் பெயர் வந்தும் நிதி போதாமல் பணம் கிடைக்காதவர்களும் உண்டு. இது மண்டலத்துக்கு மண்டலம் மாறும். முந்தின வருடப் பட்டியல்கள் இணையத்திலேயே கிடைக்கும். தகுதி பெற்றவர் எத்தனை, பணம் பெற்றவர் எத்தனை என்று பார்த்து மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் அதற்குப் பிறகுதான்.

இதோடு எராஸ்மஸ் முண்டஸுக்கும் கட்டாயம் போடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கும் கூட்டு மாஸ்டர்ஸ் அது. கிடைத்தால் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ, 24 மாதம் வரை. போட்டி மிகக் கடுமை. ஆனால் ஒவ்வொரு வருடமும் இந்தியப் பிள்ளைகள் நிறையப் பேர் வாங்குகிறார்கள். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பம்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் (மார்த்தாண்டம்) எழுதியது:

தம்பி, நிலத்தை விற்க வேண்டாம் என்று மகள் சொல்வதை நானும் சொல்கிறேன். 31 வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

மத்திய அரசின் வித்யாலட்சுமி இணையதளம் வழியாகக் கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கலாம். பொதுவான விதிப்படி 4 லட்சம் வரை ஈடு இல்லை, மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லை. 4 முதல் 7.5 லட்சம் வரை வங்கி மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம். அதற்கு மேல் சொத்து ஈடு. ரப்பர் நிலத்தை ஈடாக வைக்கலாம் என்று நினைத்திருப்பாய். கடன் கட்டாவிட்டால் ஈட்டை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, அதனால் வங்கிகள் அதை வாங்கத் தயங்கும். வீடும் மனையும் உன் பெயரில் இருந்தால் நல்லது. பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறதா? நம் மாவட்டத்தில் நிறையப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். கூடப்பிறந்தவர்களோடு பேசி, இப்போதே பெயர் மாற்றத்துக்குக் கொடு.

12 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 10 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை 15,858 ரூபாய். படிக்கும் இரண்டு வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தனிவட்டி என்றாலே மூன்று வருடத்தில் 3,60,000. முடிந்தால் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடு. மழைக்காலத்தில் வெட்டு இல்லாத மாதங்களில் அது கனமாக இருக்கும், அதற்கு இப்போதே கொஞ்சம் ஒதுக்கி வை.

கருங்கல் பிள்ளை சொன்ன இத்தாலிக் கணக்கு சரியாக வந்தால் உனக்கு 7.5 லட்சத்துக்குள் முடிந்துவிடும். ஈடு என்ற பேச்சே வராது. அதனால் அந்த வழியை முதலில் பார். நகையை மட்டும் தனியார் கடையில் வைத்துவிடாதே.

குலசேகரம் அப்பா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி மகளும் நானும் சேர்ந்து வாசித்தோம். தக்கலைத் தம்பி பேக்கரி பற்றி எழுதியதை அவள் சத்தமாக வாசித்தாள், என்னால் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை, வெளியே போய்விட்டேன். அவர் அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கன்சல்டன்சிக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். முன்பணம் 5,000 கொடுத்திருந்தேன், அது வராது என்கிறார்கள். போகட்டும். பட்டா அப்பா பெயரில்தான் இருக்கிறது. எனக்குத் தங்கச்சி இரண்டு பேர் உண்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

கருங்கல் பிள்ளையிடம் ஒரு சந்தேகம். எங்கள் வீடு பாதி ஓடு, பாதி கான்கிரீட். பின்னால் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை ஒன்று தனியாக இருக்கிறது. அதையும் வீட்டோடு அளக்க வேண்டுமா? கூலிக்கு வெட்டும் பணத்துக்கு ரசீது எதுவும் கிடையாது, அதை எப்படிக் காட்டுவது?

கருங்கல்காரி எழுதியது:

கூலிப் பணத்துக்கு ரசீது கேட்கமாட்டார்கள் அண்ணாச்சி. வருமானச் சான்றில் உங்கள் எல்லா வருமானமும் சேர்ந்து ஒரே தொகையாக வந்தால் போதும். குறைத்துச் சொல்லாதீர்கள், உள்ளதை அப்படியே சொல்லுங்கள். உங்கள் கணக்கு எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது, கூலியைச் சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது. அண்டி ஆபீஸ் சம்பளத்துக்கு உங்கள் வீட்டு அக்காவின் பாஸ்புக்கை எடுத்து வையுங்கள், பி.எஃப். பிடித்தம் இருந்தால் அந்தச் சீட்டும்.

புகைப்புரையையும் சேர்த்தே அளந்துவிடுங்கள். என் அம்மாவின் தையல் அறை முற்றத்தில் தனியாக இருந்தது, நானும் சேர்த்துத்தான் எழுதினேன். ஓடு, கான்கிரீட் என்று பிரித்துக் கேட்கவில்லை. வீட்டு வரி ரசீதில் உள்ள அளவும் சான்றில் வரும் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு 40 சதுர அடி வித்தியாசம் வந்து ஒரு வாரம் போயிற்று. சதுர அடியை 10.764ஆல் வகுத்தால் சதுர மீட்டர். டேப்பின் ஒரு முனையை உங்கள் மகள் பிடிக்கட்டும், மற்ற முனையை நீங்கள் பிடியுங்கள். அளவை எழுதி இங்கே போடுங்கள், மீதிக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.